மார்லீனா வேண்டாமென்று சொன்ன கல்லூரி

லாரல் ஃபோர்க் மருத்துவமனைக்கு வெளியே வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு மார்லீனா ஸ்லோனின் குரல் நன்றாகப் பழக்கம். "ஊதுங்க... ஊதுங்க... விட்டுடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும் கொஞ்சம்... போதும். இப்ப மூச்சு வாங்குங்க." உள்ளே யாரோ ஒரு சுரங்கத் தொழிலாளி குழாயை வாயில் கவ்விக்கொண்டு, நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றையெல்லாம் கருவிக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்று கத்தினால்தான் முழுசாக ஊதுவார்கள். பதினெட்டு வருடம் அவள் அப்படிக் கத்திச் சம்பளம் வாங்கினாள்.

அவள் அப்பா சுரங்கத்துக்குள் கால் வைத்ததே இல்லை. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். பத்தொன்பது வயதில் கார்லிஸ் ஸ்லோனைக் கட்டிக்கொண்டாள். கார்லிஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய டிரக்குகளை வாங்கி விற்கிறவன். அவனுக்கு வாய்தான் மூலதனம் என்று ஊரில் சொல்வார்கள். அவனே அதைச் சொல்லிக்கொள்வான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஒஹையோவுக்கு அனுப்பிய பிறகு மார்லீனா மாலை வகுப்புகளுக்குப் போய்ப் பட்டம் வாங்கினாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஆரம்பிச்சதை முடிக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றாள். அப்போது அதற்குமேல் அவளுக்கே தெரியாது.

தெரியவைத்தவர் ஆர்வில் போலிங். முப்பது வருடத்துக்கு மேல் நிலக்கரி வெட்டியவர். மூக்கில் குழாயும் தோளில் ஆக்சிஜன் பையுமாக வருவார். சுரங்கத் தூசி படிந்து வரும் கரி நுரையீரல் நோய்க்கு அரசாங்கச் சட்டப்படி கம்பெனி மாதாமாதம் கொடுக்க வேண்டிய உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தார். கம்பெனி மறுத்தது. வக்கீல் தேடிப் போனார். மூன்று பேர் கையை விரித்தார்கள். இந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும். தொழிலாளியிடம் ஒரு காசு வாங்கக்கூடாது. ஜெயித்தால் மட்டும் கம்பெனி தரும் கட்டணம் கிடைக்கும். இதை நம்பி எந்த வக்கீல் வீட்டு வாடகை கொடுப்பான்?

வக்கீல் இல்லாதவர் தனக்காகப் பேச வேறொருவரைக் கூட்டிவரலாம் என்று விதி இருந்தது. ஆர்வில் மார்லீனாவிடம் வந்தார்.

"நீ வாயேன் தங்கச்சி. என் மூச்சு எனக்கே தெரியாத அளவுக்கு உனக்குத் தெரியுமே."

"எனக்குக் கத்தத்தான் தெரியும், ஆர்விலண்ணே. கோர்ட்ல கத்தக்கூடாது."

"அப்ப மெதுவாப் பேசு. எனக்கு அது போதும்."

போனாள். நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. எதிரே கம்பெனி வக்கீல் டெரிக் ராட்லிஃப். நாற்பது வயதுக்குள் இருக்கும். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ எழுந்து போய் ஆர்விலுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலியைத் தேடி எடுத்துவந்து போட்டான். பிறகு உட்கார்ந்து, மூன்று டாக்டர்களின் அறிக்கையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லாம் சிகரெட் செய்த வேலை என்று அமைதியாகச் சொன்னான். அந்த மூன்றில் ஒன்று தவறான அளவீட்டில் எழுதப்பட்டது என்று மார்லீனாவுக்குப் பார்த்ததுமே புரிந்தது. அதை எதிர்க்க ஒரு வாக்கியம் உண்டு என்றும் தெரியும். அந்த வாக்கியம் எது என்றுதான் தெரியவில்லை. அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னாள். நீதிபதி வருத்தத்தோடு, எதிர்ப்பை எழுதிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது என்றார்.

மனு தள்ளுபடியானது. வராந்தாவில் ராட்லிஃப் அவளிடம் வந்து தன் பெயர் அட்டையைக் கொடுத்தான்.

"நல்லாப் பேசுனீங்க. நீங்க சட்டம் படிச்சிருந்தா இன்னிக்கு எனக்கு வேர்த்திருக்கும்."

வீட்டுக்கு வந்து அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் எறிந்தாள். "கிண்டல் பண்றான் பாரு" என்றாள்.

கார்லிஸ் பீன்ஸ் கிண்ணத்தில் சோளரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "கிண்டல் இல்ல. வியாபாரிக்கு வியாபாரி புரியும். தோத்திருப்பேன்னு சொல்றான்."

"அப்படின்னா படிச்சிடறேன்."

"எதை?"

"சட்டத்தை."

கார்லிஸ் சிரிக்கவில்லை. ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, "வக்கீல் பொண்டாட்டிகிட்ட நான் எப்படிடி சண்டை போடறது?" என்று மட்டும் கேட்டான்.

நாற்பத்துமூன்று வயதில், மகளைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து நுழைவுத் தேர்வு எழுதினாள். மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் படித்ததுதான். மதிப்பெண் வந்தபோது அவளே நம்பவில்லை. இன்னொருத்தியுடையது மாறி வந்துவிட்டதோ என்று தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். மாறவில்லை.

வசந்த காலத்தில் மூன்று சட்டக் கல்லூரிகள் அவளை எடுத்துக்கொண்டன. ஒன்று கிழக்குக் கடற்கரையில், பெயரைச் சொன்னாலே தெருவில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்க்கும் கல்லூரி. இரண்டாவது, பக்கத்து மாநிலத்து நகரத்தில் ஒரு தனியார் கல்லூரி. முழுக் கட்டணமும் தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது, மாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. வண்டியில் இரண்டரை மணி நேரம், பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை.

கார்லிஸ் முதல் கடிதத்தை மட்டும்தான் முழுசாகப் படித்தான். மறுநாள் காலை மார்லீனா வேலைக்குப் போகும்போது அவன் கடை வாசலில் உயரமாக நிற்கும் விளம்பரப் பலகையில் எழுத்துகள் மாறியிருந்தன. அந்தப் பெரிய கல்லூரியின் பெயர், அதற்குக் கீழே "எங்க மார்லீனாவை எடுத்துக்கொண்டது", அதற்கும் கீழே "டிரக்குகளுக்கு முன்பணம் வேண்டாம்." போகிற வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த கிழவர்கள் இருமிக்கொண்டே தட்டினார்கள். மார்லீனாவுக்கு முகம் சிவந்தது. அது பிடிக்காமல் இல்லை. பிடித்திருந்தது, நிறையவே.

அன்று மாலை மூன்று கடிதங்களையும் மேசைமேல் பரப்பினாள்.

"பலகையை ஏன் வச்சே? நான் இன்னும் முடிவு பண்ணலியே."

"முடிவு பண்ண என்ன இருக்கு? ஜனாதிபதிங்கல்லாம் படிச்ச இடம்."

"மூணு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர். உதவித்தொகை ஒண்ணுமில்ல. கடன் மட்டும் வேணுங்கற அளவு தர்றாங்களாம்."

கார்லிஸ் கூரையை அண்ணாந்து பார்த்தான். "இந்த வீட்டை வித்தா?"

"இந்த வீட்டை மூணு தடவை விக்கணும்."

"பத்து வருஷம் கட்டினா மிச்சத்தைத் தள்ளுபடி பண்றாங்கன்னு பாங்க்ல சொன்னானே ஒருத்தன்."

"அது அரசாங்க வேலைக்கும் தொண்டு நிறுவனத்துக்கும். சொந்தமா ஆபீஸ் போட்டா கிடையாது. நம்ம ஊர்ல இதுக்குன்னு எந்தத் தொண்டு நிறுவனம் இருக்கு, சொல்லு."

"அப்ப அந்த முழுத் தள்ளுபடிக்காரன்கிட்டப் போ. சும்மா குடுக்கறான்ல." அப்படிச் சொல்லிக்கொண்டே இரண்டாவது கடிதத்தை எடுத்தான். முதல் பக்கத்தைப் பார்த்தான். திருப்பினான். இரண்டாவது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தான். படித்துவிட்டு, ஒரு டிரக்கின் அடியில் துருவைக் கண்டுபிடித்தவனைப்போல மெதுவாகச் சிரித்தான்.

"என்னன்னு சொல்லிட்டுச் சிரி."

"வகுப்புல முதல் மூணில ஒரு பங்குக்குள்ள இருந்தாத்தான் அடுத்த வருஷமும் தள்ளுபடியாம். இல்லைன்னா முழுக் கட்டணம். நான் முதல் வருஷம் வட்டி கிடையாதுன்னு எழுதி வைப்பேனே, அதேதான் இது. இவங்க எழுத்து என்னுதைவிடப் பொடிசு."

"நான் நல்லாப் படிப்பேன்."

"நீ படிப்பே. மத்தவனும் படிப்பான்ல? இந்தக் கடிதம் எத்தனை பேருக்குப் போச்சுன்னு கேளு. அது ஒண்ணைத்தான் கேக்கணும்."

திங்கட்கிழமை கூப்பிட்டுக் கேட்டாள். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள், யாரையோ கேட்டுவிட்டு வந்தாள், கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். வகுப்பில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அந்தத் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ராத்திரி பகலாகப் படித்தாலும் பாதிப் பேர் அதை இழந்தே தீர வேண்டும். கணக்கு அப்படி. மார்லீனா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அந்தக் கடிதம் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாள் குவியலுக்குப் போனது.

மிச்சம் இரண்டு. பெரிய கல்லூரியின் பெயரை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நோயாளிக்குக் குழாயை மாட்டும்போது சொல்லிப் பார்த்தாள். பேருந்து மெக்கானிக்கின் மகள், லாரல் ஃபோர்க் மார்லீனா, அங்கே. கையில் இருக்கும் அதை யாரோ பிடுங்க வருவதைப்போல இருந்தது, பிடுங்கப்போகிறவளும் தானே என்பதால் இன்னும் கசந்தது.

யாரைக் கேட்பது? ஊரில் சட்டம் படித்தவர் யாரையும் அவளுக்கு நெருக்கமாகத் தெரியாது. மதிய உணவு வேளையில் டிரக்குக்குள் உட்கார்ந்து, அந்த அட்டையை எடுத்து, ராட்லிஃபைக் கூப்பிட்டாள்.

"நான் எதிர்க்கட்சி வக்கீல், தெரியும்ல?" என்றான் அவன்.

"எனக்குத் தெரிஞ்ச வக்கீல் நீங்க ஒருத்தர்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சொல்லுங்க."

சொன்னாள். பெரிய கல்லூரியின் பெயரைச் சொன்னதும் அவன் குறுக்கிட்டான்.

"நான் படிச்சது அங்கதான்" என்றான். "எனக்கு ஊரு கேனி பள்ளத்தாக்கு. உங்க மலைக்கு அந்தப் பக்கம். எங்க தாத்தாவும் ஆர்வில் மாதிரி கரி வெட்டினவரு, அந்த நோய்லதான் போனாரு. அவரை நினைச்சுத்தான் சட்டம் படிக்கப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மாசாமாசம் கட்டற ரசீது வர ஆரம்பிச்சுது. அந்தத் தொகையைக் கட்டற அளவுக்குச் சம்பளம் யார் குடுத்தாங்களோ அவங்ககிட்டப் போனேன். ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துடலாம்னு நினைச்சேன். பன்னெண்டு ஆச்சு."

மார்லீனா டிரக்கின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவனே தொடர்ந்தான்.

"காலேஜைக் குறை சொல்ல மாட்டேன். அருமையான இடம். பெரிய நகரத்துல பெரிய ஆபீஸ்ல வேலை பாக்கணும்னா யோசிக்காம அங்க போங்க, போட்ட காசு வந்துடும். அந்த ஆசை உங்களுக்கு இருந்தா அது ஒண்ணும் தப்பில்ல. இருக்கா?"

"எனக்கு ஆர்விலண்ணன் மாதிரி ஆளுங்களுக்குப் பேசணும்."

"அப்ப கடனில்லாம வெளிய வாங்க. கடன் இருந்தா, மேசைக்கு எந்தப் பக்கம் உக்காரணும்னு நீங்க சொல்ல மாட்டீங்க, அது சொல்லும்." குரலைத் தாழ்த்தி, "இதை நான் சொன்னேன்னு வெளிய தெரியவேண்டாம்" என்றான்.

"என் புருஷனைத் தவிர யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ரோட்டோரத்துல பலகை வச்சிருக்காரே, அவரா? கடவுளே."

அந்த வாரக் கடைசியில் மாநிலக் கல்லூரிக்குக் கிளம்பினாள். கார்லிஸ் கூட வந்தான். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையில்தான் அழைத்துப் போனாள். பாலத்தைத் தாண்டும்போது அவன் ஒரே ஒரு யோசனை சொன்னான்: "நீ கேக்கறதைக் கேட்டுட்டுப் பேசாம இரு. அவங்க பேசற வரைக்கும் மூச்சு விடாதே. முதல்ல பேசறவன்தான் விலையைக் குறைப்பான்."

சேர்க்கைப் பொறுப்பில் இருந்தவர் திருமதி பிரேதர். நரைத்த குட்டை முடி, மேசைமேல் பேரப்பிள்ளைகளின் படங்கள். மார்லீனா மற்றக் கல்லூரிகளின் கடிதங்களைக் காட்டவில்லை. பெரிய கல்லூரியின் பெயரை மட்டும் சொன்னாள். பிரேதர் புருவத்தை உயர்த்தினார்.

"அந்தப் பேரோட நாங்க போட்டி போட முடியாதும்மா."

"பேருக்காக நான் உங்களைக் கேக்கல மேடம். எங்க ஊர்லயும் பக்கத்து ரெண்டு மாவட்டத்திலயும் கரி நுரையீரல் வழக்கை எடுக்க ஒரு வக்கீல் இல்ல. நான் படிச்சிட்டு அங்கதான் திரும்புவேன். வேற எங்கயும் போகமாட்டேன், என் வீடு அங்க, இவர் கடை அங்க. ஆனா பாதிக் கட்டணம் கடனா இருந்தா என்னால அந்த வழக்குகளை எடுக்க முடியாது. முழுசும் குடுங்க. ரேங்க், நிபந்தனைன்னு எதுவும் வைக்காம குடுங்க."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அறை அமைதியானது. கார்லிஸ் பக்கத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தான். திருமணமான நாளிலிருந்து அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"இங்க படிச்சவங்க எத்தனை பேர் உங்க பக்கம் வந்திருக்காங்கன்னு யோசிச்சுப் பாக்கறேன்" என்றார் பிரேதர் கடைசியில். "எனக்கு ஞாபகத்துல ஒருத்தரும் வரலை." எழுந்து போனார். வெகுநேரம் கழித்து வந்தார். முழுசும் முடியாது என்றார். முக்கால் பங்கு தருகிறோம், மூன்று வருடமும், நிபந்தனை இல்லாமல். மிச்சத்துக்குக் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்தில் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. "உங்க வயசுல அது கஷ்டமா இருக்கும்" என்று தயங்கினார்.

"என் வேலையே கஷ்டமா மூச்சு விடறவங்களோடதான் மேடம். நான் கையெழுத்துப் போடறேன்."

வண்டிக்கு வந்ததும் கார்லிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். "பத்து வருஷத்துக்கு முன்னால உன்னை என் கடையில உக்கார வச்சிருக்கணும்டி" என்றான். "இந்நேரம் மாநிலம் பூரா கிளை திறந்திருப்பேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மலைப் பாதை ஏறும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. எதற்கு என்றும் தெரிந்தது. வானொலியை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினான்.

மறுநாள் பெரிய கல்லூரிக்கு அவளே எழுதினாள்: தங்கள் அழைப்புக்கு நன்றி, என்னால் வர இயலவில்லை. இரண்டே வரி. ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த கவலை. அவள் கவலைப்படும்போதே கார்லிஸ் ஏணியைப் போட்டு ஏறிவிட்டான். மாலையில் பலகையில் புது வாசகம் இருந்தது. பெரிய கல்லூரியின் பெயர் மேலே அப்படியே இருந்தது. கீழே: "மார்லீனா இவங்களை வேண்டாம்னுட்டா." அதற்கும் கீழே: "எங்க விலையையும் நீங்க வேண்டாம்னு சொல்லிப் பாருங்க." முன்பு அடித்ததைவிட அதிகமாக ஹாரன் அடித்தது. ஒரு கரி லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, கார்லிஸின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் எளிதாகப் போகவில்லை. வார நாளெல்லாம் நகரத்தில் ஒரு விதவைப் பெண்மணியின் மாடி அறையில் தங்கினாள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து சனிக்கிழமை மருத்துவமனையில் வேலை பார்த்தாள். முதல் வருட முடிவில் வகுப்பில் நடுவாந்தரமாகத்தான் வந்தாள். அந்தச் செய்தி வந்த இரவு கார்லிஸ் அந்தத் தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்லி, "அவங்களுக்கு இப்ப எவ்வளவு கட்டியிருப்போம் தெரியுமா?" என்று ஆரம்பித்தான். அவள் தலையணையை அவன்மேல் எறிந்தாள். அதிலிருந்து இன்றுவரை வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கேள்வியை அவன் கேட்காமல் விட்டதில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஆர்வில் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவள் தேர்வுக்காக அன்றிரவே திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஆர்விலின் மனைவி ஓபல் அவள் கையைப் பிடித்து, "போ, போய்ப் படி. நீ வக்கீலானதைப் பாக்காமப் போயிட்டாருன்னு நினைக்காதே. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் 'என் வக்கீல் இப்ப காலேஜ்ல இருக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றாள்.

நாற்பத்தேழு வயதில் பட்டம் வாங்கி, வழக்கறிஞர் தேர்விலும் முதல் முறையிலேயே தேறினாள். கடன் என்று பார்த்தால் கார்லிஸ் விற்கும் ஒரு நல்ல டிரக்கின் விலை அளவுக்கு இருந்தது. மூடிப்போன வீடியோ கடையை வாடகைக்கு எடுத்து அலுவலகம் திறந்தாள். வாசலில் பெயர்ப்பலகை எழுதும் வேலையைக் கார்லிஸிடம் கொடுக்கவில்லை. அதற்கு மட்டும் வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டாள்.

அவள் எடுத்த முதல் வழக்கு ஓபலுடையது. கரி நோயில் இறந்தவரின் மனைவிக்குச் சேரவேண்டிய உதவித்தொகை. எதிர்மேசையில் ராட்லிஃப்தான் உட்கார்ந்திருந்தான். அவன் முதல் டாக்டர் அறிக்கையை எடுத்தபோது அவள் எழுந்து, முன்பே எழுதிக் கொடுத்திருந்த எதிர்ப்பைக் காட்டி, அறிக்கையின் அளவீடு எந்த விதிக்குப் பொருந்தவில்லை, அதனால் அந்த அறிக்கையை ஏன் ஏற்கக்கூடாது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள். நீதிபதி குறித்துக்கொண்டார். ராட்லிஃப் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் துடைத்தான் என்பாள் மார்லீனா.

தீர்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓபல் ஜெயித்தாள்.

தீர்ப்பு வந்த வாரம் ஓபல் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அவளே உப்புநீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய பீன்ஸ், கண்ணாடிப் புட்டிகளில்.

"இதை நான் வாங்கக்கூடாது ஓபலக்கா" என்றாள் மார்லீனா. "கட்டணம் கம்பெனிதான் தரணும். உங்ககிட்ட நான் எதுவும் வாங்கினா சட்டப்படி குத்தம்."

"பீன்ஸைப் பத்தி சட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"'எதுவும்'னு எழுதியிருக்கு."

ஓபல் பெட்டியை மேசைமேல் வைத்தபடியே யோசித்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்புறம் கார்லிஸ் மனைவியை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக டிரக்கில் காத்துக்கொண்டிருந்தான். ஓபல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தெருவைக் கடந்தாள். மார்லீனா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசுவது கேட்கவில்லை. கார்லிஸ் இறங்கித் தொப்பியைக் கழற்றுவதும், பெட்டியை வாங்கி முன்சீட்டில் வைப்பதும், மார்லீனா வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துப் பெல்ட்டையும் மாட்டுவதும் தெரிந்தது.

அவள் கதவைப் பூட்டிவிட்டு வந்தபோது, "அதைத் திருப்பிக் குடு கார்லிஸ், எனக்கு வக்கீல் லைசென்ஸ் போயிடும்" என்றாள்.

"உனக்கா குடுத்தா? எனக்குக் குடுத்தா. அவங்க வீட்டுக்காரரு எங்கிட்ட ரெண்டு டிரக் வாங்கியிருக்காரு, எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்." புட்டி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "நான் டிரக் விக்கறவன். வக்கீல் நீ. பின்னாடி ஏறு."